செவிலியர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை நூலகத் தரவுத்தளத்தில் கண்டெடுப்பது எப்படி?

"செவிலியர் எழுதிய ஆய்வுக் கட்டுரை மூன்று வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுக்குள் வெளிவந்திருக்க வேண்டும். சக மதிப்பாய்வு, அதாவது வெளியிடும் முன் அதே துறை வல்லுநர்களின் பரிசீலனை, பெற்றிருக்க வேண்டும்." நர்சிங் படிப்பவர்களுக்கு இப்படி ஓர் அசைன்மென்ட் எப்படியும் வந்துவிடும். பலரும் தரவுத்தளத்தைத் திறந்து, தலைப்போடு 'நர்ஸ்' என்ற சொல்லையும் சேர்த்துத் தட்டிவிட்டு, மேலே வந்து நிற்கும் மூன்றை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மூன்றில் ஒன்றுகூடச் செவிலியர் எழுதியதாக இல்லாமல் போகலாம்.

செவிலியரைப் பற்றிய கட்டுரை, நர்சிங் ஆய்விதழில் வந்த கட்டுரை, செவிலியர் எழுதிய கட்டுரை என இங்கே மூன்று வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. இரவுப் பணி பார்க்கும் செவிலியரின் தூக்கத்தை ஓர் உளவியலாளர் ஆராய்ந்து எழுதினால் அது முதல் வகை. 'நர்ஸ்' என்று தேடினால் அதுதான் முதலில் வரும். நர்சிங் ஆய்விதழ்களில் மருந்தியலாளரும் புள்ளியியலாளரும் பொருளாதாரம் படித்தவரும்கூட எழுதுகிறார்கள். அதேபோல், செவிலியர் தலைமையில் நடந்த நல்ல ஆய்வுகள் பொது மருத்துவ இதழ்களிலும், முதியோர் நலம், புற்றுநோய், பொதுச் சுகாதாரம் சார்ந்த இதழ்களிலும் வெளிவருகின்றன. சாதாரணத் தேடல் பெட்டி கட்டுரையின் தலைப்பு, சுருக்கம், பொருள் ஆகியவற்றில்தான் சொல்லைத் தேடும். எழுதியவரின் தொழில் என்ன என்று அது பார்ப்பதில்லை. அதைப் பார்க்க வைக்கும் வழிகள் சில உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டையும் உண்டு.

அசைன்மென்ட் கொடுப்பவர்கள் இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள் என்று தோன்றலாம். படுக்கைப்புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவை மருத்துவர் எழுதும் கட்டுரை, புண் ஆழமான பிறகு தசையை எடுத்து மூடுவது பற்றிப் பேசும். செவிலியர் எழுதும் கட்டுரை, நோயாளியை எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, குதிகால் தோலை எப்போது சோதிப்பது, எந்த மெத்தை உதவுகிறது, வார்டில் ஆள் குறைந்தால் இதில் எது விட்டுப்போகிறது என்று கேட்கும். படுக்கையருகே நிற்பவருக்குத் தோன்றும் கேள்விகள் இவை. இந்தக் கேள்விகளை ஆராய்ந்து பதில் கண்டவர்களின் எழுத்தைத் தேடிப் படிப்பது செவிலியராகப் போகிறவருக்கு மிகவும் தேவையான பழக்கம்.

முதலில் போக வேண்டிய இடம்: சினால்

நர்சிங்குக்கும் துணை மருத்துவத் துறைகளுக்குமான கட்டுரைக் குறிப்புகளைத் திரட்டும் தரவுத்தளம் சினால். 1961-இல் அச்சு வடிவ அட்டவணையாகத் தொடங்கியது. இன்று எப்ஸ்கோ நிறுவனத்தின் தளத்தில், நூலகச் சந்தா வழியாகக் கிடைக்கிறது. நூலக இணையப் பக்கத்தில் தரவுத்தளங்களின் பட்டியலுக்குள் இருக்கும். 'சினால் பிளஸ்', 'சினால் கம்ப்ளீட்', 'சினால் அல்டிமேட்' என்று பெயரின் பின்னொட்டு மாறும். முழுக் கட்டுரை எத்தனை இதழ்களுக்குக் கிடைக்கும் என்பதில்தான் பெரிய வித்தியாசம். தேடும் முறை ஒன்றே.

நம் வேலைக்கு இதை மிஞ்சிய இடம் இல்லை. காரணம், அட்வான்ஸ்டு சர்ச் பகுதியில் இருக்கும் இரண்டு கட்டங்கள்: 'ஃபர்ஸ்ட் ஆதர் இஸ் நர்ஸ்', 'எனி ஆதர் இஸ் நர்ஸ்'. முதலாவதைத் தேர்ந்தால் முதல் கட்டுரையாசிரியர் செவிலியராக இருக்கும் கட்டுரைகள் மட்டும் வரும். இரண்டாவதைத் தேர்ந்தால், எழுதியவர்களில் யாராவது ஒருவர் செவிலியராக இருந்தால் போதும். பழைய தோற்றத்தில் இவை தேடல் பெட்டிகளுக்குக் கீழே, தேடலைக் குறுக்கும் லிமிட்டர்கள் நடுவே இருக்கும். புதிய தோற்றத்தில் ஃபில்டர் பட்டியலை முழுவதுமாக விரித்துப் பார்க்க வேண்டும். முதல் பக்கத்தில் கண்ணில் படவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இங்கே ஒரு சிக்கல் அடிக்கடி வரும். எப்ஸ்கோ தளத்தில் பல தரவுத்தளங்களை ஒரே நேரத்தில் தேர்ந்தெடுத்துத் தேட முடியும். பல நூலகங்களின் முகப்புத் தேடல் பெட்டியும் அப்படித்தான் இயங்குகிறது. ஆனால் செவிலியர் கட்டம் சினாலுக்கு மட்டுமே உரியது. மற்றத் தளங்களும் சேர்ந்திருந்தால் அவற்றின் முடிவுகள் வடிகட்டப்படாமல் உள்ளே கலந்துவிடும். கட்டத்தைத் தேர்ந்த பிறகும் செவிலியர் அல்லாதவர் எழுதியது வருகிறதே என்று திகைப்பவர்கள், தேடல் பெட்டிக்கு மேலே எந்தத் தளங்களின் பெயர் இருக்கிறது என்று பார்க்கவும். சினாலை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் தேடுங்கள்.

இனி ஒரு தேடலை முழுதாகச் செய்து பார்ப்போம். தலைப்பு: தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைப்புண் வராமல் தடுக்க நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது. இந்தத் தளங்களில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். சொற்களின் ஒலியை இங்கே தமிழில் தருகிறோம்.

தலைப்பை முழு வாக்கியமாகத் தட்டாதீர்கள். அதில் இருக்கும் கருத்துகளைப் பிரியுங்கள். இங்கே மூன்று இருக்கின்றன: புண், திருப்புதல், தீவிர சிகிச்சை. அட்வான்ஸ்டு சர்ச்சில் மூன்று பெட்டிகள் கொடுத்திருப்பார்கள். கருத்துக்கு ஒரு பெட்டி.

முதல் பெட்டியில் 'பிரஷர் அல்சர்', 'பிரஷர் இன்ஜுரி', 'பெட்சோர்', 'டெக்யூபிடஸ்' ஆகிய நான்கையும் இடையிடையே 'ஆர்' (இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும் என்பதற்கான சொல்) போட்டு எழுதுங்கள். ஒரே புண்ணுக்கு ஏன் நான்கு பெயர்? அமெரிக்காவில் இதற்கான தேசிய ஆலோசனைக் குழு 2016-இல்தான் 'அல்சர்' என்பதை 'இன்ஜுரி' என்று மாற்றியது. அதற்கு முந்தைய கட்டுரைகளில் பெரும்பாலும் பழைய பெயர்தான் இருக்கும். பல நாடுகளில் இன்றும் பழைய பெயரே வழக்கில் இருக்கிறது. ஒரு பெயரை மட்டும் போட்டால் பாதிக் கட்டுரைகள் கண்ணில் படாமலே போகும். இரண்டு சொல் சேர்ந்த தொடர்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் 'பிரஷர்' தனியாகவும் 'அல்சர்' தனியாகவும் இருக்கும் கட்டுரைகள் எல்லாம் வந்து குவியும், வயிற்றுப்புண் உட்பட.

இரண்டாவது பெட்டியில் 'ரீபொசிஷன்' என்று தட்டி, இடைவெளி விடாமல் நட்சத்திரக் குறி போடுங்கள். அந்தச் சொல்லோடு எந்த விகுதி ஒட்டி வந்தாலும் அது பிடித்துக்கொள்ளும். கூடவே 'ஆர்' போட்டு 'டர்னிங்'. மூன்றாவது பெட்டியில் 'இன்டென்சிவ் கேர்', 'கிரிட்டிக்கல் கேர்', 'ஐசியூ'. பெட்டிகளுக்கு நடுவே 'ஆண்ட்' (எல்லாம் சேர்ந்து இருக்க வேண்டும் என்பதற்கான சொல்) இருக்க வேண்டும். வழக்கமாக அதுவே இருக்கும்.

இப்போது தேடல் பொத்தானை அழுத்துங்கள். ஃபில்டர் எதுவும் இன்னும் போடவில்லை, இது முக்கியம். முதலில் மொத்தம் எத்தனை வருகிறது என்று பாருங்கள். பிறகு ஆண்டு வரம்பு, அதன் பின் 'பீர் ரிவ்யூட்' (சக மதிப்பாய்வு), கடைசியாகச் செவிலியர் கட்டம் என ஒவ்வொன்றாகப் போட்டு, எண்ணிக்கை எங்கே சரிகிறது என்று கவனியுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டுவிட்டு 'முடிவு இல்லை' என்று வந்தால், எது காரணம் என்றே தெரியாது.

முடிவுகள் குறைவாக இருந்தால் முதலில் கழற்ற வேண்டியது 'ஃபுல் டெக்ஸ்ட்' கட்டத்தை. அதைப் போட்டால் அந்தத் தளத்திலேயே முழுக் கட்டுரையாக இருப்பவை மட்டும் நிற்கும். உங்கள் நூலகம் வேறொரு தளத்தின் வழியாக வைத்திருப்பவையும், நூலகங்களுக்கு இடையிலான பகிர்வில் வரவழைக்கக் கூடியவையும் மறைந்துவிடும். பெரும்பாலான நூலகங்களில் ஒவ்வொரு குறிப்புக்குக் கீழும் முழுக் கட்டுரையைத் தேடித்தரும் இணைப்பு ஒன்று இருக்கும். அதை அழுத்திப் பார்த்த பிறகு கைவிடலாமா என்று முடிவு செய்யுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் 'முதல் ஆசிரியர்' கட்டத்தை 'எவரேனும் ஓர் ஆசிரியர்' என்று தளர்த்துங்கள்.

இந்த இரண்டில் எது வேண்டும் என்று அசைன்மென்ட் கொடுத்தவரிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது. மருத்துவ ஆய்விதழ்களில் பொதுவாக, வேலையில் பெரும்பங்கு செய்தவர் பெயர் முதலில் வரும். வழிநடத்திய மூத்தவர் பெயர் பெரும்பாலும் கடைசியில் வரும். ஒரு செவிலியர்ப் பேராசிரியர் தன் குழுவை வைத்து நடத்திய ஆய்வில் அவர் பெயர் ஏழாவதாக இருக்கலாம். 'முதல் ஆசிரியர்' என்று மட்டும் தேடினால் அது தவறிப்போகும்.

கட்டத்தை எவ்வளவு நம்பலாம்?

சினாலில் ஒரு கட்டுரைக்குச் 'செவிலியர் எழுதியது' என்ற அடையாளம், கட்டுரையில் அச்சாகியிருக்கும் பெயர்ப் பின்னொட்டுகளை வைத்துத்தான் இடப்படுகிறது. கட்டுரையில் பெயருக்குப் பின்னால் 'ஆர்என்' (பதிவு பெற்ற செவிலியர்) என்று இருந்தால் அடையாளம் கிடைக்கும். ஆய்விதழ் அப்படி எதுவும் அச்சிடாமல் வெறும் பெயரும் துறையும் மட்டும் போட்டிருந்தால், எழுதியவர் முப்பது ஆண்டு வார்டில் பணி செய்தவரானாலும் அடையாளம் கிடைக்காமல் போகலாம். திறந்த அணுக்கத்தில், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும்படி, வரும் பல ஆய்விதழ்களும், அமெரிக்காவுக்கு வெளியே வரும் பலவும் பட்டங்களை அச்சிடுவதே இல்லை. இன்னும் அட்டவணைப்படுத்தி முடியாத புதிய குறிப்புகளும் இந்த வடிகட்டலில் விடுபடும்.

ஆக, கட்டம் காட்டுவது கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். அது உள்ளே விட்டவை பெரும்பாலும் சரியானவை. வெளியே நிறுத்தியவற்றிலும் சரியானவை உண்டு. மூன்று கட்டுரை போதும் என்றால் இது பொருட்டில்லை. ஒரு தலைப்பில் செவிலியர் எழுதியது அனைத்தையும் திரட்ட நினைப்பவருக்குக் கட்டம் மட்டும் போதாது. அவர் பணியிட முகவரி வழியாகவும் தேட வேண்டும்.

அதற்கு, தேடல் பெட்டியின் அருகே உள்ள பட்டியலில் 'ஆதர் அஃபிலியேஷன்' (ஆசிரியரின் பணியிடம்) என்ற புலத்தைத் தேர்ந்து, 'நர்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகளோடு நட்சத்திரக் குறி போடுங்கள். 'ஸ்கூல் ஆஃப் நர்சிங்', 'டிபார்ட்மென்ட் ஆஃப் நர்சிங்', 'நர்சிங் சர்வீசஸ்' எல்லாம் அகப்படும்.

சினால் இல்லாதவர்களுக்கு: பப்மெட்

பப்மெட் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளம், இலவசம், 1996 முதல் இயங்குகிறது, மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகள் கொண்டது. ஆனால் எழுதியவரின் பட்டத்தையோ உரிமத்தையோ அது பதிவு செய்வதில்லை. 'ஆசிரியர் செவிலியர்' என்று ஒரு கட்டம் அதில் கிடையாது. சக மதிப்பாய்வுக்கான ஃபில்டரும் கிடையாது. இருப்பது பணியிட முகவரி மட்டுமே. அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தேடல் பெட்டியில் 'நர்ஸ்' என்பதன் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், உடனே நட்சத்திரக் குறி, அதன் பின் சதுர அடைப்புக்குள் 'ஏ', 'டி' என்ற இரண்டு எழுத்துகள். முகவரிப் புலத்தில் மட்டும் தேடு என்பதற்கான குறி அது. பப்மெட்டில் நட்சத்திரக் குறிக்கு முன்னால் குறைந்தது நான்கு எழுத்துகளாவது இருந்தாக வேண்டும். நமக்கு வேண்டியது சரியாக நான்குதான். அடைப்புக்குறியை மறந்துவிட்டால் தலைப்பிலும் சுருக்கத்திலும் தேடி, செவிலியரைப் பற்றிய கட்டுரைகளோடு 'நர்சிங் ஹோம்', 'நர்சரி', தாய்ப்பால் ஊட்டுதல் வரை எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டும்.

இந்த முகவரித் தேடலுக்கு ஒரு வரலாற்று எல்லை உண்டு. 1988-க்கு முந்தைய குறிப்புகளில் முகவரி சேர்க்கப்படவில்லை. 1988 முதல் 2013 வரை முதல் ஆசிரியரின் முகவரி மட்டும் சேர்க்கப்பட்டது. 2014 முதல்தான் எல்லா ஆசிரியர்களின் முகவரியும் வருகிறது. ஐந்து ஆண்டு வரம்போடு தேடுபவருக்குக் கவலையில்லை. ஒரு துறையின் வளர்ச்சியைப் பின்னோக்கிப் பார்ப்பவர், 2014-இல் செவிலியர் கட்டுரைகள் திடீரென்று பெருகிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. பதிவு செய்யும் முறை மாறியதும் அதற்கு ஒரு காரணம்.

ஆங்கிலம் பேசாத நாடுகளில் சில நிறுவனங்களின் முகவரி அவர்கள் மொழியிலேயே பதிவாகியிருக்கும். நர்சிங் என்பது ஸ்பானியத்தில் 'என்ஃபெர்மெரியா', போர்ச்சுகீசியத்தில் 'என்ஃபெர்மாஜெம்'. இரண்டும் ஆங்கில எழுத்துகளில் ஒரேபோலத் தொடங்குவதால், 'என்ஃபெர்ம்' என்ற முற்பகுதிக்கு நட்சத்திரக் குறி போட்டு, 'ஆர்' மூலம் சேர்த்துவிட்டால் போதும். பிரேசிலிலிருந்து மட்டும் எவ்வளவு நர்சிங் ஆய்வு வருகிறது என்பதை இந்த ஒரு சொல்லைச் சேர்த்த பிறகுதான் பலர் உணர்கிறார்கள். அவற்றில் கணிசமானவை ஆங்கிலத்திலும் படிக்கக் கிடைக்கும்.

பப்மெட்டில் இன்னொரு வழி, நர்சிங் ஆய்விதழ்களுக்குள் மட்டும் தேடுவது. ஆங்கிலத்தில் 'ஜே' என்ற எழுத்து, இடைவெளி இல்லாமல் 'சப்செட்' என்ற சொல், அதோடு ஒட்டி 'என்' என்ற எழுத்து. இதை ஒரே சொல்லாகத் தட்டி, உங்கள் தலைப்போடு 'ஆண்ட்' போட்டு இணைக்க வேண்டும். இது நாம் தொடக்கத்தில் சொன்ன இரண்டாம் வகையைத் தரும்: நர்சிங் இதழில் வந்தவை. எழுதியவர் செவிலியர்தானா என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் செவிலியர் எழுதியது இருக்க வாய்ப்பு மிகுந்த இடம் என்பதால் பயன் உண்டு.

மெஷ் எனப்படும் பொருள் தலைப்புகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. 'நர்சஸ்' என்று ஒரு மெஷ் தலைப்பு இருக்கிறது. 'நர்சிங்' என்று ஒரு துணைத் தலைப்பும் இருக்கிறது. இரண்டுமே கட்டுரை எதைப் பற்றியது என்று சொல்பவை. யார் எழுதியது என்று சொல்பவை அல்ல. நோயின் பெயரோடு 'நர்சிங்' துணைத் தலைப்பைச் சேர்த்தால் அந்த நோயில் செவிலியர் பராமரிப்பு பற்றிய கட்டுரைகள் வரும். தேடலைக் குவிக்க இது அருமையான கருவி. செவிலியர் எழுதினார் என்பதற்கு இது ஆதாரமாகாது.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்

எந்தத் தளத்தில் தேடினாலும் கடைசியில் கட்டுரையைத் திறந்து கண்ணால் பார்க்காமல் முடியாது. தலைப்புக்குக் கீழே பெயர் வரிசையில் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் முதல் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் பாருங்கள். அங்கும் இல்லாவிட்டால் கட்டுரை முடிந்து மேற்கோள் பட்டியல் தொடங்கும் இடத்தில் 'அபவுட் தி ஆதர்ஸ்' பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இணையப் பக்கமாகப் படிக்கும்போது இந்த விவரம் பெரும்பாலும் பெயரை அழுத்தினால்தான் விரியும். பிடிஎஃப் வடிவில் எளிதாகக் கண்ணில் படும். சரிபார்க்க அதையே திறப்பது நல்லது.

ஒரு பெயருக்குப் பின்னால் 'பிஎச்டி, ஆர்என், எஃப்ஏஏஎன்' என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது கல்விப் பட்டம்; அது எந்தத் துறையிலும் இருக்கலாம். இரண்டாவது உரிமம்: பதிவு பெற்ற செவிலியர். நமக்கு வேண்டிய சான்று அதுதான். மூன்றாவது கௌரவம்: அமெரிக்க நர்சிங் அகாடமியின் உறுப்பினர். ஆனால் இதே நான்கு எழுத்துகளை அமெரிக்க நரம்பியல் அகாடமியின் உறுப்பினர்களும் போட்டுக்கொள்கிறார்கள். ஆகவே 'எம்டி, எஃப்ஏஏஎன்' என்று இருந்தால் அவர் நரம்பியல் மருத்துவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். பக்கவாதம், வலிப்பு, பார்க்கின்சன் பற்றித் தேடுபவர்கள் இதில் ஏமாறுவது சகஜம்.

செவிலியர் என்று உறுதியாகச் சொல்லும் எழுத்துகள் வேறு சிலவும் உண்டு. 'பிஎஸ்என்', 'எம்எஸ்என்', 'டிஎன்பி' ஆகியவை நர்சிங் பட்டங்கள். 'ஏபிஆர்என்', 'சிஆர்என்ஏ' ஆகியவை உயர்நிலைச் செவிலியருக்கானவை. பிரிட்டனில் 'ஆர்ஜிஎன்', மனநலச் செவிலியருக்கு 'ஆர்எம்என்'. 'எம்பிஹெச்', 'எம்எஸ்', 'பிஎச்டி' மட்டும் இருந்தால் எதுவும் தெரியாது. 'பிஏ' என்பது அமெரிக்காவில் மருத்துவரின் துணைநிலைப் பணியாளரைக் குறிக்கலாம், செவிலியரை அல்ல. 'சிஎன்ஏ' உதவிப் பணியாளர். பதிவு பெற்ற செவிலியர் அல்ல.

எழுத்துகளே இல்லாதபோது என்ன செய்வது? முகவரியில் நர்சிங் கல்லூரி இருப்பது ஒரு துப்பு. முடிவு அல்ல. நர்சிங் கல்லூரிகளில் புள்ளியியல், சமூகவியல், ஊட்டச்சத்து, மருந்தியல் கற்பிப்பவர்களும் பேராசிரியர்களாக இருக்கிறார்கள். மறுபக்கம், செவிலியர் பலர் பொதுச் சுகாதாரக் கல்லூரியிலோ மருத்துவமனையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலோ இருப்பார்கள். அவர்கள் முகவரியில் 'நர்சிங்' என்ற சொல்லே இருக்காது. ஆகவே பெயரையும் நிறுவனத்தையும் சேர்த்துத் தேடி, அவர்களுடைய பணியிட இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பல்கலைக்கழகப் பக்கங்களில் கல்வித் தகுதி விவரமாக இருக்கும். ஆர்க்கிட் என்ற பதினாறு இலக்க ஆய்வாளர் எண் கட்டுரையில் கொடுத்திருந்தால் அதை அழுத்தினால் அவரே எழுதிவைத்த கல்வி, பணி விவரம் கிடைக்கலாம். சிலர் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். ஒரு பெயருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம். தெளிவாகவில்லை என்றால் அடுத்த கட்டுரைக்குப் போங்கள்.

ஒருவர் செவிலியர் என்று உறுதியானதும் அவர் பெயரை வைத்தே ஆசிரியர் தேடல் செய்யுங்கள். நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் பெரும்பாலும் அதே தலைப்பில் அவர் எழுதிய மேலும் சில இருக்கும். பப்மெட்டில் குடும்பப் பெயரும் முன்னெழுத்தும் போட்டுச் சதுர அடைப்புக்குள் 'ஏ', 'யு' என்று எழுத வேண்டும். ஆசிரியர்களின் முழுப் பெயர் 2002 முதல்தான் அங்கே பதிவாகிறது. அதற்கு முந்தையவற்றில் முன்னெழுத்து மட்டுமே. ஒரே பெயரில் பலர் இருப்பதால் முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

'சக மதிப்பாய்வு' என்ற ஃபில்டர் சொல்லாமல் விடுவது

அந்த ஃபில்டர் ஆய்விதழைப் பார்க்கிறது, கட்டுரையைப் பார்ப்பதில்லை. மதிப்பாய்வு நடத்தும் இதழ் என்றால் அதில் வரும் தலையங்கம், வாசகர் கடிதம், நூல் மதிப்புரை, மாநாட்டுச் செய்தி எல்லாமே ஃபில்டரைத் தாண்டி வந்துவிடும். இவற்றில் பலவற்றைச் செவிலியர்தான் எழுதியிருப்பார்கள்; செவிலியர் கட்டமும் அவற்றை உள்ளே விடும். இரண்டு ஃபில்டரையும் சரியாகப் போட்டுவிட்டு, ஒன்றரைப் பக்கத் தலையங்கத்தை ஆய்வுக் கட்டுரை என்று கொடுத்து மதிப்பெண் இழப்பது இதனால்தான்.

சினாலில் 'ரிசர்ச் ஆர்ட்டிகிள்' என்று தனிக் கட்டம் இருக்கிறது. அதையும் சேர்த்துக்கொண்டால் பெரும்பகுதி சரியாகும். மிச்சத்தைச் சுருக்கத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆய்வுக் கட்டுரை என்றால் யாரிடம், எத்தனை பேரிடம், எந்த முறையில் தரவு திரட்டினார்கள், என்ன கண்டார்கள் என்று சுருக்கத்திலேயே இருக்கும். 'முறை', 'முடிவுகள்' என்ற தலைப்புகளும் நீண்ட மேற்கோள் பட்டியலும் உள்ளே இருக்கும். சுருக்கமே இல்லாத கட்டுரை பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரையாக இருக்காது.

நர்சிங்கில் தொழில் இதழும் ஆய்விதழும் ஒன்றோடொன்று கலந்து நிற்பதையும் நினைவில் வையுங்கள். 1900-இல் தொடங்கிய 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் நர்சிங்' ஒரே இதழுக்குள் ஆய்வும் தருகிறது, நடைமுறைக் கட்டுரைகளும் செய்தியும் தருகிறது. 1952-இல் தொடங்கிய 'நர்சிங் ரிசர்ச்' பெயருக்கேற்ப ஆய்வுக்கென்றே வருவது. இதழின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் ஒவ்வொரு கட்டுரையையும் அதன் தகுதியில் பார்ப்பதே சரி.

கூகுள் ஸ்காலரைப் பற்றி இரண்டு வார்த்தை. அதில் தொழிலை வைத்தோ முகவரியை வைத்தோ வடிகட்ட முடியாது. சக மதிப்பாய்வுக் கட்டமும் இல்லை. முதல் தேடலுக்கு ஏற்றதல்ல. கையில் இருக்கும் ஒரு கட்டுரையை அதன் பின் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்ப்பதற்கு மட்டும் அது மிக நல்லது. புரோக்வெஸ்ட் நிறுவனத்தின் நர்சிங் தரவுத்தளமும் ஓவிட் தளமும் பல நூலகங்களில் உண்டு. கருத்துக்கு ஒரு பெட்டி, முகவரிப் புலத்தில் நட்சத்திரக் குறி என்று மேலே சொன்ன முறை அவற்றுக்கும் பொருந்தும்.

எடுத்ததைப் பத்திரப்படுத்துவது

கட்டுரை கிடைத்ததும் உலாவியின் முகவரிப் பட்டையில் இருப்பதைப் பிரதி எடுத்து வைக்காதீர்கள். எப்ஸ்கோ போன்ற சந்தாத் தளங்களில் அது அந்த அமர்வுக்கு மட்டும் உரிய முகவரியாக இருக்கலாம். மறுநாள் திறந்தால் பிழை காட்டும். கட்டுரைப் பக்கத்தில் 'பெர்மாலிங்க்' (நிலையான இணைப்பு) என்று தனியாகக் கொடுத்திருப்பதை எடுங்கள். டிஓஐ எண் (கட்டுரைக்கென்று தரப்படும் நிலையான அடையாள எண்) இருந்தால் அதுவே மேல்; எந்தத் தளத்திலிருந்தும் அதை வைத்துக் கட்டுரையைக் கண்டுபிடிக்கலாம். பப்மெட்டில் ஒவ்வொரு குறிப்புக்கும் நிலையான எண் உண்டு, அது போதும்.

கூடவே ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: எந்த ஆசிரியர் செவிலியர், அது எங்கிருந்து தெரிந்தது. 'இரண்டாம் ஆசிரியர், ஆர்என், முதல் பக்க அடிக்குறிப்பு' என்ற அளவில் இருந்தால் போதும். தேடிய சொற்களையும் போட்ட ஃபில்டர்களையும் அதன் கீழே குறித்துக்கொள்ளுங்கள். எப்ஸ்கோவிலும் பப்மெட்டிலும் தனிக் கணக்கு ஒன்றை இலவசமாகத் தொடங்கிக்கொண்டால் தேடலை அப்படியே சேமித்து வைக்கலாம். புதிய கட்டுரை வந்தால் மின்னஞ்சலில் தெரிவிக்கவும் சொல்லலாம். நூலகக் கடவுச்சொல்லோடு உள்ளே நுழைவது வேறு, இந்தத் தனிக் கணக்கு வேறு. தனிக் கணக்கில் நுழையாமல் தேடினால் தேடல் வரலாறு பிறகு கிடைக்காமல் போகலாம். தேடல் எங்கோ சிக்கிக்கொண்டு நூலகரிடம் போகும்போது அவர் முதலில் கேட்பதும் அந்த வரலாற்றைத்தான்: என்ன தட்டினீர்கள், எந்தத் தளத்தில், எந்தக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்தீர்கள், எத்தனை வந்தது.